மொத்த ஆர்செனிக்

மாங்டனில் மைனஸ் இருபத்திரண்டு.
ஆய்வகத்துக்குள் விரல் நீளம்கூட இல்லாத ஒரு சுடர்
ஏழாயிரம் பாகையில் எரிகிறது.
அதற்குத்தான் காலையிலிருந்து தீனி போடுகிறேன்:
ஷெடியாக்கிலிருந்து வந்த மாவு,
அமிலத்தில் கரைத்து, வடித்து,
குடிநீரைவிடத் தெளிவாக்கியது.

மாவென்றால் புட்டுக்கு வறுத்ததல்ல.
சிங்க இறாலின் தலை, ஓடு, கால் நுனி.
வால் உணவகங்களுக்குப் போனபின்
ஆலையின் பின்கதவில் கடற்காகங்கள் பங்குபோட்ட மிச்சம்.
அதை நொதியில் ஊறவைத்து, உலர்த்தி, பொடித்து,
பாலில் கலக்கிக் குடித்தால் புஜம் திரளும் என்கிறார்
கியோம் ஆர்செனோ.
'என் பெயரிலேயே நஞ்சு இருக்கிறது, கவனமாகப் பாருங்கள்'
என்று மாதிரிப் பெட்டியின்மேல் எழுதியிருந்தார்,
சிரிக்கும் முகம் ஒன்றோடு, நீல மையில்.

நீலம் என்றதும்தான்:
இதன் இரத்தமும் நீலம்.
நமக்குள் இரும்பு சுமக்கும் மூச்சை
இதற்குள் செம்பு சுமந்தது.
திரையில் செம்பின் கோடு எகிறியபோது நான் பதறவில்லை.
அது கறையல்ல, உயிரோடு இருந்ததற்குச் சான்று.
கால்சியம் ஓட்டின் கணக்கு.
துத்தநாகமும் செலினியமும் வந்தவரை லாபம்.

பிறகு ஆர்செனிக்.
கிலோவுக்குப் பதினொரு மில்லிகிராம்.
பக்கத்து மேசை ஒடெட் எட்டிப் பார்த்து விசிலடித்தாள்.

மொத்தம் என்பது சோம்பேறிச் சொல்.
ஒரே குடும்பப்பெயர் உள்ளவர்களையெல்லாம்
ஒரே கூண்டில் ஏற்றிவிடும்.
மறுபடி பிரித்தேன்,
ஒவ்வொன்றையும் தனித்தனியே நடக்கவிட்டு.
வந்தது ஏறக்குறைய எல்லாமே ஆர்செனோபீட்டெய்ன்,
கடலுயிர்கள் தமக்குள் கட்டிவைக்கும் சாதுவான மூலக்கூறு.
நம் உடலுக்குள் வந்தாலும் உறவு கொண்டாடாது,
சிறுநீரோடு போய்விடும்.
கொல்லத் தெரிந்த தம்பி
கருவியின் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் எங்கோ.

"விடுதலை" என்றாள் ஒடெட், கோட்டை மாட்டியபடி.
பெட்டிகோடியாக் ஆறு பின்னோக்கி ஓடத் தொடங்கும் நேரம்,
பனிக்கட்டிகளையும் இழுத்துக்கொண்டு.
அவளோடு நானும் இறங்கியிருப்பேன்,
அடுத்த பக்கத்தை உருட்டாமல் விட்டிருந்தால்.

காட்மியம்.
பேர்போன கள்ளனைச் சுற்றி நாங்கள் நின்றபோது
சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.
மூன்று முறை ஓட்டினேன்.
என் கைமேலேயே சந்தேகம் வந்து
வெற்றுக் குப்பியையும் ஓட்டினேன்.
வெற்றுக் குப்பி வெறுமையாகவே இருந்தது.

தொலைபேசியில் சொன்னேன்:
தலைக்குள் இருக்கிற பச்சை ஈரல்.
அதில்தான் சேர்த்துவைக்கிறது.
எடுத்துவிட்டு அரையுங்கள்.
"ஒவ்வொன்றிலுமா? கையாலா?"
கையால்.
"என் அப்பா அதைத்தான் ரொட்டியில் பூசித் தின்பார்."
அந்தப் பக்கம் யாரோ ஐஸ் அள்ளும் சத்தம்.
"சிறுநீரகம் போய்த்தான் செத்தார்."
அதற்கும் இதற்கும் முடிச்சுப்போட
என்னிடம் மாதிரி இல்லை.
அதையும் சொன்னேன்.

"உங்களுக்குப் பிடிக்குமா, சிங்க இறால்?"

என் கோட்டுப் பையில் எப்போதும் ஓர் ஊசி இருக்கும்.
பதினாறு வயதில் ஒரு இறால் வடை,
பாதிதான் கடித்திருந்தேன்,
தொண்டை கதவைச் சாத்திக்கொண்டது.
உலோகம் அத்தனையையும் கழுவி எடுத்தாலும்
மிஞ்சுகிற தூய புரதம்தான் எனக்கு நஞ்சு.
அதை இந்தச் சுடர் காட்டாது.
ஏழாயிரம் பாகையில் புரதம் ஏது?

"பழக்கமில்லை" என்றேன்.

அறிக்கையில் காட்மியத்துக்கு எதிரே: ஏற்க இயலாது.
ஆர்செனிக்குக்கு அரைப் பக்கக் குறிப்பு,
ஒருவரும் படிக்கமாட்டார்கள்.
அடியில், படிவத்தில் இடமே இல்லாத ஒரு வரியை
நானாகத் தட்டினேன்:
'இறால் வகைப் புரதம்' என்பதை
லேபிளின் முன்பக்கம் போடவும், பெரிய எழுத்தில்.
ப. தர்மினி, பகுப்பாய்வாளர்.

கையுறையை உட்புறம் வெளியே வரக் கழற்றினேன்.
முழங்கைவரை கழுவினேன்.
பிறகு இன்னொரு முறை.